உப்பனாற்றுக் காற்றும் எண்பது பிட் எண்களும்

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் தெற்கே போனால் சிப்காட் தொழிற்பேட்டை வந்துவிடும். மருந்து மூலப்பொருள், பூச்சிக்கொல்லி, சாயம் என்று ரசாயன ஆலைகள் மிகுந்த பேட்டை இது. கிழக்கே உப்பனாறு, ஆற்றுக்கு அப்பால் வங்கக் கடல். ஆலைகளை ஒட்டியே குடிகாடு, ஈச்சங்காடு, பச்சையாங்குப்பம், சங்கொலிக்குப்பம் போன்ற ஊர்கள் இருக்கின்றன. பகலில் கடற்காற்று எழும்போது புகை நிலத்தின் பக்கம் நகரும். இரவில் நிலக்காற்று அதைக் கடலுக்குத் திருப்பும். 2004இல் இந்த ஊர்க்காரர்களே பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பையைப் பொருத்தி, நாற்றம் எழுந்த நேரங்களில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பெயர் தெரியாத நாற்றமாக மட்டுமே இருந்தது அதன்பின் பெயரும் அளவும் உள்ள ரசாயனங்களின் பட்டியலாகக் கையில் கிடைத்தது.

வாளி சொல்வது ஓரிடத்தில் ஒரு வேளையில் இருந்த காற்றை. ஒவ்வொரு தெருவிலும் ஒவ்வொரு மணிக்கும் வாளி வைக்க யாராலும் ஆகாது. இன்னும் கட்டப்படாத ஒரு புகைபோக்கி நாளை எந்த ஊரின் மேல் புகையைப் படர விடும் என்பதை அளந்து பார்க்கவும் வழியில்லை. அந்த இடத்தில்தான் கணக்கு வருகிறது; கணக்கோடு கணினியும், கணினியோடு கம்பைலரும் வருகின்றன.

புகை பரவும் கணக்கின் அடிப்படை எளியது. புகைபோக்கியிலிருந்து காற்று போகும் திசையில் புகை ஒரு கூம்பாக விரிகிறது. கூம்பின் நடு அச்சில் செறிவு அதிகம். அச்சிலிருந்து பக்கவாட்டில் விலக விலக அது மணி வடிவ வளைகோட்டின்படி குறைகிறது. காஸ் வளைகோடு என்று கல்லூரியில் படிப்பது இதுதான். ஓர் இடத்தின் செறிவைக் காண மூன்று முறை அடுக்குக்குறிச் சார்பைக் கணிக்க வேண்டும்: பக்கவாட்டு விலகலுக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று, தரையில் பட்டு மேலெழும் புகைக்கு ஒன்று. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1979இல் வெளியிட்ட ஐ.எஸ்.சி. என்னும் நிரலும், 2005இல் அதன் இடத்தைப் பிடித்த ஏர்மாட் நிரலும் இந்த வழியில் வந்தவை. இரண்டும் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டவை. இரண்டின் மூல நிரலும் யாருக்கும் இலவசம். இந்தியாவில் தயாராகும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளில் காற்றைப் பற்றிய அத்தியாயத்தைப் புரட்டினால் இந்த இரண்டு பெயர்களையும் அடிக்கடி பார்க்கலாம்.

எளிமை ஒரு புள்ளிக்குத்தான். பேட்டையில் பத்து புகைபோக்கிகள் என்று வைத்துக்கொள்வோம். சுற்றுவட்டாரத்தில் 21க்கு 21 என்று கட்டம் போட்டு 441 இடங்கள். ஆண்டில் 8,760 மணி நேரம். மூன்றையும் பெருக்கினால் 3,86,31,600. ஒவ்வொன்றுக்கும் மூன்று அடுக்குக்குறி என்றால் 11 கோடியே 58 லட்சத்துக்கு மேல். கூட்டல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் இதற்கு வெளியே.

1981இல் ஐபிஎம் பி.சி. வந்தபோது அதன் மூளையாக இருந்த இன்டெல் 8088 சிப்புக்கு முழு எண்களில் மட்டுமே கணக்குப் போடத் தெரியும். 0.000037, 4.2 லட்சம் போன்ற எண்களை, அதாவது புள்ளி எங்கு வேண்டுமானாலும் நகரக்கூடிய மிதவைப் புள்ளி எண்களை, அது நூற்றுக்கணக்கான சிறு கட்டளைகளால் ஒப்பேற்றியாக வேண்டும். பலகையில் அருகிலேயே ஒரு காலிக் குழி இருந்தது. 8087 என்ற துணைச் சிப்பைக் காசு கொடுத்து வாங்கி அதில் செருகினால் மிதவைப் புள்ளிக் கணக்கு நேரடியாக நடக்கும். இன்டெலே வெளியிட்ட ஒப்பீட்டின்படி, 5 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓர் அடுக்குக்குறிக் கணக்குக்கு 8087 எடுத்துக்கொண்டது 100 மைக்ரோ விநாடி. சிப் இல்லாமல் மென்பொருளால் போட்டால் 17,100 மைக்ரோ விநாடி. நம் பேட்டைக் கணக்கில் இதை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உறைக்கும். சிப் இருந்தால் அடுக்குக்குறிகள் மட்டும் மூன்றேகால் மணி நேரத்தில் முடியும். இல்லாவிட்டால் ஏறத்தாழ 23 நாள்.

சிப்பை வாங்கிச் செருகியதோடு வேலை முடியவில்லை. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு அந்தச் சிப் இருப்பது தெரிய வேண்டும். 1980களின் கம்பைலர்கள் மூன்று வழிகளைத் தந்தன. முதல் வழியில் 8087 கட்டளைகளையே நேரடியாக எழுதும். வேகம் மிக அதிகம், சிப் இல்லாத கணினியில் ஓடாது. இரண்டாவது, சிப்பை முற்றிலும் மறந்துவிட்டு, துல்லியத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்ட தனி நூலகத்தால் கணிப்பது.

மூன்றாவது வழி அழகானது. மிதவைப் புள்ளிக் கட்டளை வரவேண்டிய ஒவ்வோர் இடத்திலும் கம்பைலர் ஒரு குறுக்கீட்டுக் கட்டளையை வைத்துவிடும். நிரல் ஓடி அந்த இடத்துக்கு முதன்முறை வரும்போது, சிப் இருக்கிறதா என்று குறுக்கீட்டு நிரல் பார்க்கும். இருந்தால் நினைவகத்தில் உள்ள அந்தக் கட்டளையையே அழித்து அங்கு உண்மையான 8087 கட்டளையை எழுதிவிடும். அடுத்த முறை அதே இடத்துக்கு வரும்போது எந்தத் தாமதமும் இருக்காது. சிப் இல்லாவிட்டால் கணக்கைத் தானே போட்டுக் கொடுக்கும். ஒரே நிரல் பணக்காரக் கணினியிலும் ஏழைக் கணினியிலும் ஓடிற்று. எந்தக் கணினியில் ஓடப்போகிறது என்று தெரியாமல் நிரலை ஃப்ளாப்பியில் கொண்டுபோனவர்களுக்கு இது பெரிய உதவி.

ஃபோர்ட்ரான் பிறந்ததே இந்த வேகப் பசியால்தான். 1957இல் ஐபிஎம் 704க்காக ஜான் பேக்கஸ் குழு அதை வெளியிட்டபோது, கையால் எழுதிய இயந்திர மொழிக்கு ஈடான வேகம் இல்லாவிட்டால் ஒருவரும் தொடமாட்டார்கள் என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. அதனால் முதல் கம்பைலரே வேகத்தைக் கூட்டும் வித்தைகளோடு வந்தது. நிரலை வேகமாக ஓட வைப்பது கம்பைலரின் கடமை என்ற எண்ணம் அந்த மொழியில் அன்று முதல் ஊறிப்போனது.

இந்தியாவில் 8087ஐ நம்பிப் பெரிய வேலையில் இறங்கியவர்கள் பெங்களூரு தேசிய வான்வெளி ஆய்வகத்தினர். காற்றோட்டக் கணக்குகளுக்கு வேண்டிய பெரிய கணினிகள் வெளிநாட்டிலிருந்து எளிதில் கிடைக்காத காலம் அது. 1986இல் அவர்கள் 8086, 8087 இணைகளைச் சேர்த்து ஃபுளோசால்வர் என்னும் இணைச்செயல் கணினியைக் கட்டினார்கள். பி.சி.யில் செருகும் சாதாரணச் சிப்புகளைக் கொண்டு காற்றின் ஓட்டத்தைக் கணித்த அந்தத் துணிச்சல், சிறிய கணினியில் பெரிய கணக்குப் போட விரும்பும் எவருக்கும் இன்றும் உற்சாகம் தரக்கூடியது.

8087இன் உள்ளமைப்புக்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் கணிதவியலர் வில்லியம் கஹான். சாதாரண நிரலர் 64 பிட் விடையைக் கேட்டாலும் இடைக்கணக்கு 80 பிட்டில் நடக்கட்டும் என்பது அவர் தரப்பு. எண் கணக்கின் ஆபத்துகளைப் படிக்க நேரமில்லாத பொறியாளரை அந்தக் கூடுதல் பிட்டுகள் காப்பாற்றும். 1985இல் வந்த ஐ.இ.இ.இ. 754 தர விதியும் பெரும்பாலும் இந்தச் சிந்தனையில் விளைந்தது. 1989இல் கஹானுக்கு டூரிங் விருது கிடைத்தது.

கடலூரை வைத்தே அந்தக் காப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். வரைபடத்தில் இடங்களை மீட்டர் கணக்கில் குறிக்கும் முறையில், கடலூர் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே சுமார் 13 லட்சம் மீட்டரில் இருக்கிறது. 32 பிட் ஒற்றைத் துல்லியத்தில் இந்த அளவுள்ள எண்களுக்கு இடையே உள்ள மிகச் சிறிய படி 12.5 சென்டிமீட்டர். வீட்டுக்கும் புகைபோக்கிக்கும் உள்ள தூரத்தை, முதலில் கழித்துவிட்டுப் பிறகு வர்க்கம் எடுத்தால், இந்தப் படி ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பள்ளிப் பாடத்தில் வரும் விரிவாக்கத்தைப் போல, இரண்டு எண்களின் வர்க்கங்களைத் தனித்தனியே எடுத்துக் கூட்டி, இரு மடங்குப் பெருக்கலைக் கழித்தால் நிலைமை வேறு. 13 லட்சத்தின் வர்க்கம் ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல் போகிறது. அந்த உயரத்தில் ஒற்றைத் துல்லிய எண்களின் படி 1,31,072. அதன் வர்க்கமூலம் 362. அதாவது ஆலையிலிருந்து 300 மீட்டரில் உள்ள ஒரு வீட்டை, ஆலையின் வாசலிலேயே இருப்பதாக நிரல் சொல்லிவிட முடியும்.

இதே நிரலைப் பழைய 8087இன் பதிவகங்களில், அதாவது சிப்புக்குள்ளேயே எண்களை வைக்கும் இடங்களில், ஓட்டினால், இடைவிடைகள் நினைவகத்துக்குப் போகாத வரை, விடை சரியாக வரும். ஒற்றைத் துல்லியத்தில் எண்ணின் இலக்கங்களுக்கு 24 பிட்தான்; அப்படிப்பட்ட இரண்டைப் பெருக்கினால் 48 பிட் போதும். 80 பிட் பதிவகத்தில் எண்ணுக்கென்றே 64 பிட் இடம் இருக்கிறது. பழைய கணினியில் சரியாக இருந்த விடை புதிய கணினியில் தவறும் விந்தை இப்படித்தான் நேர்கிறது. நிரலர் செய்த பிழையை ஒரு சிப் மூடி வைத்திருந்தது. மூடியை எடுத்ததும் அது வெளியே வந்தது. சரியான தீர்வு, பேட்டையின் நடுவில் ஒரு புள்ளியைப் பூஜ்யமாக வைத்து எல்லாத் தூரங்களையும் அங்கிருந்து அளப்பது. அது கம்பைலர் செய்யக்கூடிய காரியமல்ல.

80 பிட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. 8087 வழிவந்த சிப்புகளில் எட்டுப் பதிவகங்கள்தான். அவையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அமைப்பு. மேலே உள்ளதைத்தான் எளிதில் எடுக்கலாம். இடம் போதாதபோது கம்பைலர் சில இடைவிடைகளை நினைவகத்தில் வைக்கும். வைக்கும்போது 80 பிட் 64ஆகச் சுருங்கும். எதை எப்போது வைக்கிறது என்பது கம்பைலருக்குக் கம்பைலர், பதிப்புக்குப் பதிப்பு, கம்பைலருக்கு நாம் கொடுக்கும் வேக விருப்பத்துக்கு விருப்பம் மாறும். ஒரே கணக்கை இரண்டு முறை போட்டு, இரண்டும் சமமா என்று கேட்டால் இல்லை என்று பதில் வரும். ஜி.சி.சி. கம்பைலரில் 323ஆம் எண்ணோடு 2000இல் பதிவான புகார் இதைப் பற்றியதுதான். அதே புகாரை மீண்டும் மீண்டும் உலகெங்கிலுமிருந்து ஆட்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். போதாக்குறைக்கு, மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் உருவான 32 பிட் விண்டோஸ் நிரல்கள் சிப்பில் எண்ணுக்கென்று இருந்த 64 பிட் இடத்தை 53 பிட் துல்லியத்துக்குக் குறைத்து வைத்தன. லினக்ஸ் முழு 64 பிட்டிலேயே விட்டது. ஒரே கணினியில் விண்டோஸில் ஒரு விடை, லினக்ஸில் கடைசி இலக்கம் மாறிய வேறு விடை.

2000ஆம் ஆண்டின் இறுதியில் வந்த பென்டியம் 4 இந்தக் குழப்பத்துக்கு ஒரு முடிவு காட்டியது. எஸ்.எஸ்.இ.2 என்ற அதன் புதிய கட்டளைத் தொகுப்பில் அடுக்கு இல்லை, 80 பிட்டும் இல்லை. 64 பிட் கேட்டால் 64 பிட். அதுவும் ஒரு கட்டளையில் இரண்டு எண்கள். எனவே பழைய கணினியை வைத்திருப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இதில் எஸ்.எஸ்.இ.2 இருக்கிறதா? பென்டியம் 3 வரை கிடையாது. எஸ்.எஸ்.இ.2க்கென்று உருவாக்கிய நிரலைப் பென்டியம் 3இல் ஓட்டினால், தெரியாத கட்டளை என்று சொல்லி நின்றுவிடும். 32 பிட் கணினி என்றால் ஜி.சி.சி. தானாகப் பழைய 8087 வழியையே பிடிக்கும், எஸ்.எஸ்.இ.2 இருந்தாலும் நாம் எடுத்துச் சொன்னால்தான் அதைப் பயன்படுத்தும். 64 பிட்டில் சொல்லத் தேவையில்லை.

1994 வரை வந்த முதல் பென்டியம்களில் ஒன்று இன்னும் யாரிடமாவது ஓடிக்கொண்டிருந்தால் அங்கு வேறு எச்சரிக்கை வேண்டும். 41,95,835ஐ 31,45,727ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும். அவற்றில் சில 1.33374 என்று சொல்லின. இந்தக் குறையைக் கண்டுபிடித்து வெளியுலகுக்குச் சொன்னவர் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர். வாட்காம், மைக்ரோசாஃப்ட் கம்பைலர்களில் ஒவ்வொரு வகுத்தலுக்கும் முன் சிப்பைச் சோதிக்கும் விருப்பம் பின்னர் சேர்க்கப்பட்டது.

வேகத்தில் 2000களின் தொடக்கத்தில் இன்டெலின் சொந்தக் கம்பைலர் முன்னணியில் இருந்தது. சுழற்சிக்குள் வரும் கணக்குகளை இரண்டிரண்டாகச் சேர்த்து எஸ்.எஸ்.இ.2இல் போட அதற்குத் தெரிந்திருந்தது, ஜி.சி.சி.க்கு அந்தத் திறன் 2005இல்தான் வந்தது. அதே ஆண்டில்தான் ஜி.ஃபோர்ட்ரான் என்ற இலவசக் கம்பைலரும் ஜி.சி.சி.யோடு சேர்ந்தது. ஆனால் இன்டெல் கம்பைலர் உருவாக்கிய நிரல், ஓடும்போது சிப்பைத் தயாரித்தவர் யார் என்று பார்த்தது, ஏ.எம்.டி. என்றால் அந்தச் சிப்பில் எஸ்.எஸ்.இ.2 இருந்தும் மெதுவான பாதையில் அனுப்பியது. அமெரிக்க வணிக ஆணையத்துடன் 2010இல் ஏற்பட்ட உடன்பாட்டில் இந்த விஷயமும் இடம்பெற்றது. பழைய ஏ.எம்.டி. கணினி வைத்திருப்பவர் இன்டெல் கம்பைலரின் புகழை மட்டும் நம்பித் தேர்ந்தெடுப்பதற்கு முன் தன் கணினியிலேயே கடிகாரம் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இனி, வேகம் விரும்புவோர் எல்லோரும் கடைசியில் வந்து சேரும் விருப்பம்: ஜி.சி.சி.யின் ஃபாஸ்ட்-மேத். கூட்டல் வரிசையை மாற்றலாம், வகுத்தலைப் பெருக்கலாக்கலாம் என்று கம்பைலருக்குச் சுதந்திரம் கொடுக்கிறது இது. கணிதத்தில் கூட்டல் வரிசை விடையை மாற்றாது. இலக்கங்களுக்கு எல்லை உள்ள கணினியில் மாற்றும். சிறு பிழைகளைத் தனியே சேர்த்து வைத்துத் திருத்தும் கூட்டல் முறை ஒன்றைக் கஹான் 1965இல் வெளியிட்டார். ஃபாஸ்ட்-மேத் கொடுத்தால், அந்தத் திருத்தம் எப்போதும் பூஜ்யம்தான் என்று கம்பைலர் கருதி அதை நீக்கிவிடும். ஓராண்டின் 8,760 மணிகளைக் கூட்டிச் சராசரி எடுக்கும் இடத்தில் இது கவலைக்குரியது.

புகைக் கணக்கில் ஃபாஸ்ட்-மேத் உண்மையிலேயே உதவும் இடமும் ஒன்று உண்டு. அச்சிலிருந்து வெகுதூரம் தள்ளிய ஊருக்கு வரும் புகையின் அளவு நம்ப முடியாத அளவுக்குச் சிறிய எண்ணாகிவிடும். ஒற்றைத் துல்லியத்தில் கூம்பின் விரிவைப் போல 13 மடங்குக்கு மேல் பக்கவாட்டில் போனால், எண் சாதாரண எல்லைக்கும் கீழே இறங்கும். அந்த அரைகுறை எண்களைக் கையாளும்போது பல சிப்புகள் நூறு கடிகாரச் சுழற்சிகளுக்கு மேல் திணறும். விடை பூஜ்யத்துக்குச் சமம்; நேரம் மட்டும் வீண். ஃபாஸ்ட்-மேத் அவற்றை நேராகப் பூஜ்யமாக்கிவிடும். ஆனால் ஐ.எஸ்.சி., ஏர்மாட் ஆகியவற்றை எழுதியவர்கள் இதை முன்பே யோசித்து, அடுக்கு மைனஸ் 50க்குக் கீழே போனால் கணிக்காமலே பூஜ்யம் என்று நிரலுக்குள் எழுதிவிட்டார்கள். கம்பைலரின் தாராளத்தை எதிர்பார்த்திருக்காத இந்த ஒரு வரி, எந்தக் கணினியிலும் எந்தக் கம்பைலரிலும் ஒரே விடையைத் தரும். நல்ல எண் நிரலின் அடையாளம் இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

இவ்வளவு துல்லியம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. கூம்பு மாதிரியே ஒரு தோராயம். 50 கிலோமீட்டர் வரைதான் அதைப் பயன்படுத்தலாம் என்பது அமெரிக்க முகமையின் வழிகாட்டல். பேட்டையிலிருந்து நேர்க்கோட்டில் முப்பது கிலோமீட்டர் அளவில் இருக்கும் சிதம்பரம் அந்த எல்லைக்குள் வருகிறது. நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று அங்கு போய்ச்சேர ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். மாதிரியோ அந்த மணியிலேயே போய்விட்டதாகக் கருதுகிறது. கடற்காற்று நிலக்காற்றாகத் திரும்பும் ஒரு மாலைப்பொழுதில் இந்தக் கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதை உப்பனாற்றங்கரையில் வாழ்பவர்களே சொல்லிவிடுவார்கள். காற்றின் கணிப்பில் இத்தனை பெரிய ஐயம் இருக்கும்போது பதினைந்தாவது இலக்கத்துக்காக வருந்த வேண்டியதில்லை.

வருந்த வேண்டியது வேறொன்றுக்கு. 2009 தேசியக் காற்றுத்தரத் தரநிலையின்படி பென்சீனின் ஆண்டு சராசரி ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் தாண்டக்கூடாது. நிறுவனத்தின் ஆலோசகர் கணித்தால் 4.99, ஊர்ப்பக்கம் நிற்கும் ஒரு மாணவர் அதே மூல நிரலை, அதே தரவை வைத்துக் கணித்தால் 5.01 என்றால், அடுத்த நாள் பேச்சு முழுவதும் யார் கணக்குச் சரி என்பதில் போய்விடும். காற்று மறந்துபோகும். இரண்டு பேருக்கும் ஒரே எண் கிடைத்தால், அந்த எண்ணுக்குள் போன உமிழ்வு அளவு உண்மையா, காற்றுத் தரவு எந்த ஆண்டினுடையது என்ற கேள்விகளை எழுப்பலாம். அவைதான் கேட்கப்பட வேண்டிய கேள்விகள். ஒரே விடை மீண்டும் கிடைப்பதற்காகச் சிறிது வேகத்தை விட்டுக்கொடுப்பது, இந்தத் துறையில் லாபமான பேரம்.

அந்த மாணவரிடம் இருக்கக்கூடிய கணினியும் பழையதுதான். 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழ்நாட்டு அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தால் கடலூர் மாவட்டத்தின் வீடுகளுக்குள்ளும் கணினி வந்தது. அந்தக் காலத்துப் பென்டியம், செலரான் சிப்புகளில் எஸ்.எஸ்.இ.2 உண்டு, ஏ.வி.எக்ஸ். என்ற அடுத்த தலைமுறைக் கட்டளைகள் இன்டெலின் விலை உயர்ந்த வகைகளுக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. புதிய கணினியில் அதற்கே உரிய எல்லா வேகமும் கேட்டு உருவாக்கிய ஏர்மாட் நிரலை அப்படியே கொண்டுவந்தால் இங்கு ஓடாது. ஜி.ஃபோர்ட்ரானை லினக்ஸில் நிறுவி, மூல நிரலை அந்த மடிக்கணினியிலேயே உருவாக்கிக்கொண்டால் ஓடும்.

நாற்பது புகைபோக்கிகள், 51க்கு 51 கட்டம், ஐந்தாண்டுக் காற்று என்று கணக்கை விரித்தால் 455 கோடிச் செறிவுகள் வரும். ஓர் அடுக்குக்குறியை 100 கடிகாரச் சுழற்சியில் முடிக்கும் 1 ஜிகாஹெர்ட்ஸ் சிப்புக்கு அடுக்குக்குறிகள் மட்டும் இருபத்து மூன்று நிமிடம். ஏர்மாட் செய்யும் மற்ற வேலைகளையும் சேர்த்தால் இரவு முழுக்க ஓட விடலாம். மாணவர் நிரலை இரண்டு முறை உருவாக்கிக்கொள்வது நல்லது: இரண்டாம் நிலை வேக விருப்பத்தோடும் ஃபாஸ்ட்-மேத் இல்லாமலும் ஒன்று, எல்லா வேகமும் சேர்த்து ஒன்று. அமெரிக்க முகமை மூல நிரலோடு சோதனைத் தரவுகளையும் அவற்றின் விடைகளையும் வைத்திருக்கிறது. முதலாவது நிரல் அந்த விடைகளை அப்படியே தர வேண்டும். இரண்டாவதில், அதிகச் செறிவு வரும் பத்து இடங்களும் அவை வரும் மணிகளும் மாறவில்லை என்றால், புகைபோக்கியின் உயரத்தை மாற்றி மாற்றிப் பார்க்கும் முதற்கட்ட ஓட்டங்களுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். அறிக்கைக்குப் போகும் எண் முதலாவதிலிருந்து வர வேண்டும். கம்பைலரின் பெயர், பதிப்பு எண், கொடுத்த விருப்பங்கள், சிப்பின் வகை ஆகியவை பின்னிணைப்பில் நான்கு வரிகளில் அடங்கிவிடும். குடிகாட்டில் அதைப் படிக்கும் ஒருவர் அந்த நான்கு வரிகளையும் அதே மூல நிரலையும் தரவையும் வைத்து முழுக் கணக்கையும் தன் வீட்டு மடிக்கணினியில் மீண்டும் போட்டுப் பார்க்கலாம்.